பால்வாடித் தட்டுல இருக்கிற பணம் யாருடையது? ஓர் ஊரோட கணக்கை வரைஞ்சு பார்ப்போம்

(திரையில்: வெள்ளைத் தாள். நடுவுல பென்சிலால ஒரு சின்ன வட்டம்.)

இந்த வட்டம் ஒரு நாலு வயசுப் பாப்பா. ஊர், தமிழ்நாட்டுல ஏதோ ஒரு கிராம ஊராட்சி. காலையில அம்மா தலை சீவி, பொட்டு வெச்சு, அங்கன்வாடியில விட்டுட்டு வேலைக்குப் போறாங்க. ஊர்ப் பேச்சுல பால்வாடி. அங்க பாட்டு, விளையாட்டு, மதியம் சோறு, ஒரு தூக்கம், சாயங்காலம் வீடு.

இந்த ஒரு நாளுக்குப் பணம் குடுக்கிறது யாரு?

ஊராட்சியில கேட்டா, "அது ஐசிடிஎஸ், நம்ம கணக்குல வராதுங்க"ன்னு சொல்வாங்க. ஐசிடிஎஸ்ன்னா ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம், அங்கன்வாடியை நடத்துற அரசுத் திட்டம். அங்கன்வாடி டீச்சரைக் கேட்டா, "சாப்பாடுதான் எங்க பொறுப்பு, கட்டடத்துக்கு ஒன்றியத்துல கேளுங்க"ம்பாங்க. ஒன்றிய அலுவலகத்துல, "சிடிபிஓ மேடம் எழுதிக் கேட்டா பார்க்கலாம்"னு பதில் வரும். சிடிபிஓன்னா அந்தத் திட்டத்தோட அலுவலர். இதுல யாரும் பொய் சொல்லல. அவங்கவங்க கையில இருக்கிற கணக்கைச் சரியாத்தான் சொல்றாங்க. ஆனா கூரை ஒழுகுற மூலையில உட்கார்ந்திருக்கிறது அந்தப் பாப்பா.

ஒரு ஊர்ல பிள்ளைங்களுக்கும் குடும்பங்களுக்கும் ஆகுற செலவை ஒரே தாள்ல வரையணும்னு நான் சொல்றது இதுக்காகத்தான். துறைவாரியா அட்டவணை ஏகப்பட்டது இருக்கு. பிள்ளைகிட்ட ஆரம்பிச்சு மேல போற படம்தான் கிடைக்கிறதில்ல. அதை இப்ப வரைவோம்.

(வட்டத்துல இருந்து முதல் கோடு.)

முதல்ல சோறு. 2017ல மத்திய அரசு நிர்ணயிச்ச கணக்குப்படி, ஆறு மாசத்துல இருந்து ஆறு வயசு வரைக்கும் ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் ஊட்டச்சத்துச் செலவு 8 ரூபாய். எடை ரொம்பக் குறைஞ்ச பிள்ளைக்கு 12 ரூபாய். கர்ப்பிணிக்கும் பாலூட்டுற தாய்க்கும் 9 ரூபாய் 50 காசு. வருஷத்துக்கு 300 நாள். இதுல பாதி மத்திய அரசு, பாதி மாநில அரசு. நம்ம பால்வாடியில 20 பிள்ளைங்கன்னு வெச்சுக்குங்க. 8 ரூபாய், 20 பிள்ளை, 300 நாள். 48,000 ரூபாய். மாநிலம் இதுக்கு மேல போடுறது தனி.

இந்த 48,000 ரூபாய் ஊராட்சியோட எந்த வங்கிக் கணக்குலயும் ஏறி இறங்காது. ஊருக்குள்ள அது அரிசியா, பருப்பா, சத்துமாவாத்தான் வருது. அதனால ஊராட்சியோட வரவு செலவை மட்டும் புரட்டிப் பார்த்துட்டு, "இந்த ஊர் பிள்ளைங்களுக்கு ஒத்தை ரூபா செலவு பண்ணல"ன்னு யாராவது எழுதினா, அவர் பாதித் தாளைத்தான் பார்த்திருக்கார்.

அடுத்தது டீச்சரும் ஆயாவும். மத்திய அரசு கணக்குல 2018 அக்டோபர்ல இருந்து பணியாளருக்கு மாசம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். அதையும் மத்திய அரசு 60, மாநிலம் 40ன்னு பிரிச்சுக்குது. தமிழ்நாட்டுல இவங்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம், அதாவது மாநிலம் தனியா வகுத்த சம்பள விகிதம். அந்த 4,500க்கு மேல போறதெல்லாம் மாநிலத்தோட பணம். ஒரே சம்பளம், உள்ள ரெண்டு கஜானா.

(மூணாவது கோடு. இது கிளை விட்டுப் பிரியுது.)

இப்ப கட்டடம். இங்கதான் படம் சிக்கலாகுது, கொஞ்சம் நிதானமாப் பார்ப்போம். அங்கன்வாடிக் கட்டடத்தை நூறு நாள் வேலைத் திட்டத்தோட சேர்த்துக் கட்டுறதுக்கு மத்திய அரசு வகுத்த கணக்கு, ஒரு கட்டடத்துக்கு 12 லட்சம் ரூபாய். அதுல 8 லட்சம் நூறு நாள் வேலைத் திட்டத்துல இருந்து. 2 லட்சம் நிதி ஆணைய மானியம் (வரிப் பணத்தை யாருக்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ற ஆணையம் உள்ளாட்சிக்கு ஒதுக்குறது) மாதிரி வேற நிதிகள்ல இருந்து. மிச்சம் 2 லட்சம் பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்துல இருந்து, அதுவும் மாநிலத்தோட பங்கிட்டு. ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு கழிப்பறை. அதுக்கு மூணு நிதி, மூணு ஒப்புதல், மூணு பயன்பாட்டுச் சான்று. ஒண்ணு தாமதமானா மத்த ரெண்டும் காத்திருக்கும். பல ஊர்ல லிண்டல் மட்டத்தோட நிக்கிற கட்டடத்தைப் பார்த்து "காண்ட்ராக்டர் ஓடிட்டான்"னு சொல்றோம். சில நேரம் ஓடினது காண்ட்ராக்டர் இல்ல, அந்த 2 லட்சம் வந்துசேரல. படத்துல கோடு போட்டாத்தான் எந்த இடத்துல அறுந்திருக்குன்னு தெரியும்.

தடுப்பூசி சுகாதாரத் துறையோடது. புதன்கிழமை ஊசி போடுற கிராம சுகாதாரச் செவிலியர் சம்பளமும் அங்கதான். ஒரு கோடு போதும், மேல போவோம்.

குடிநீர்க் குழாய்? இது ஊராட்சி. பால்வாடிக்கு வர்ற தெரு, தெரு விளக்கு, பக்கத்துச் சாக்கடை எல்லாம் ஊராட்சி. 1994ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சியோட கடமைன்னு சொல்றது பெரும்பாலும் இந்த மாதிரி வேலைகளைத்தான். தொடக்கப் பள்ளியையும் தாய் சேய் நல நிலையத்தையும் அதே சட்டம் ஊராட்சி ஒன்றியத்துகிட்ட குடுத்தது.

அப்ப பாப்பா ஐஞ்சு வயசு முடிஞ்சு பள்ளிக்கூடம் போனா கணக்கு எளிசாகிடுமா? போர்டுல "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி"ன்னு எழுதியிருக்கும். ஆனா ஆசிரியர் சம்பளம் பள்ளிக் கல்வித் துறை, மாநில பட்ஜெட்ல மானியக் கோரிக்கை எண் 43 (செலவை இப்படி எண் போட்டுத் தனித்தனியாப் பிரிச்சிருப்பாங்க). மதியச் சாப்பாடு சமூக நலத் துறை, எண் 45. புது வகுப்பறை, குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்புத் திட்டத்துல வந்தா அது ஊரக வளர்ச்சித் துறை, எண் 42. காலை உணவும் சமூக நலத் துறைதான், ஆனா கிராமத்துல சமைக்கிறவங்க மகளிர் சுயஉதவிக் குழு. 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில 1,545 பள்ளிகளுக்குன்னு தொடங்கி, அடுத்த வருஷம் ஆகஸ்ட் 25ல 31,008 பள்ளிக்கு விரிஞ்ச திட்டம் அது. மத்தியானத் தட்டுல அரிசி மத்திய அரசு, சமையல் செலவு 60க்கு 40, முட்டை மாநிலம். ஒரு தட்டு!

(திரை கறுப்பு வெள்ளைக்கு மாறுது. பழைய சென்னைத் தெரு ஒண்ணோட கோட்டோவியம்.)

இதெல்லாம் கணக்குப்பிள்ளை வேலை, இதுல நமக்கு என்னன்னு தோணலாம். ஒரு நூறு வருஷம் பின்னாடி போய்ட்டு வருவோம்.

1920 செப்டம்பர். பிட்டி தியாகராயர் தலைமையில இருந்த சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு முடிவு எடுக்குது. ஆயிரம் விளக்குப் பகுதியில இருக்கிற மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைங்களுக்குச் சிற்றுண்டி. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக் கூடாது. பிள்ளைங்க பள்ளிக்கு வர ஆரம்பிச்சதும் வேற நாலு பள்ளிக்கும் விரிவாச்சு. உள்ளாட்சியே தன் பணத்துல, தன் முடிவுல போட்ட சோறு.

1925ல அது நின்னுபோச்சு. அந்தச் செலவைத் தொடக்கக் கல்வி நிதியில எழுத அரசு அனுமதிக்கல. எந்தக் கணக்குத் தலைப்புல எழுதுறதுங்கிற ஒரு வரியில அந்தப் பிள்ளைங்களோட தட்டு காலியாச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு, 1927லதான் திரும்ப வந்துச்சு. ரெண்டு வருஷம்ங்கிறது ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மூணாங்கிளாஸ் போற காலம். இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு ரொம்ப நேரம் மனசு ஆறல. கணக்குத் தலைப்புங்கிற வார்த்தையை அதுக்கப்புறம் என்னால லேசா எடுத்துக்க முடியல.

அப்புறம் 1956ல காமராசர் காலத்து மதிய உணவு, 1982 ஜூலை 1ல எம்.ஜி.ஆர். தொடங்கின சத்துணவு. ரெண்டும் மாநிலத் திட்டங்கள். மாநிலம் கையில எடுத்ததாலதான் ஒரு பள்ளியில இருந்தது ஊரெல்லாம் போச்சு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அந்தப் பயணத்துல உள்ளாட்சியோட கணக்குப் புத்தகத்துல இருந்து பிள்ளைகளோட பக்கம் மெல்ல மறைஞ்சிடுச்சு.

அரசியலமைப்புச் சட்டத்தோட 11ஆவது அட்டவணையில ஊராட்சிகளுக்கான 29 பொருள்கள் இருக்கு. அதுல 25ஆவது, பெண்கள் குழந்தைகள் மேம்பாடு. நகராட்சிகளுக்கான 12ஆவது அட்டவணையில 18 பொருள்கள். பூங்கா இருக்கு, சுடுகாடு இருக்கு, மாட்டுப் பட்டி கூட இருக்கு. பெண்கள் குழந்தைகள் மேம்பாடுங்கிற தலைப்பு இல்ல. பேரூராட்சியிலயோ நகராட்சியிலயோ இருக்கிறவங்க இந்தப் படத்தை வரையும்போது இதை மனசுல வெச்சுக்குங்க.

கேரளத்துல வேற மாதிரி பண்ணினாங்க. அங்கன்வாடிகளையே கிராமப் பஞ்சாயத்துகிட்ட ஒப்படைச்சாங்க. எந்தப் பஞ்சாயத்துக்கு எவ்வளவு நிதின்னு மாநில பட்ஜெட்டோட நாலாவது பின்னிணைப்புல பஞ்சாயத்து பஞ்சாயத்தா அச்சடிச்சு வெச்சிருக்காங்க. நம்ம ஊர்ல ஒருத்தர் பத்து அலுவலகம் ஏறி இறங்கித் தேட வேண்டியதுல ஒரு பெரிய பங்கு, அங்க ஒரு புத்தகத்தைத் திறந்தா கிடைக்குது.

(திரும்ப வெள்ளைத் தாள். மூணு வண்ணப் பென்சில்.)

சரி, நம்ம தாளுக்கு வருவோம். கோடுகளுக்கு வண்ணம் அடிக்கணும். பிள்ளைக்குன்னே போற பணம் சிவப்பு: சோறு, முட்டை, டீச்சர் சம்பளம். பிள்ளையை வளர்க்கிற குடும்பத்துக்குப் போறது மஞ்சள்: உதாரணமா முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, மொத்தம் 18,000 ரூபாய், அதுல 4,000 ரூபாய் மதிப்புக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். ஊருக்கே பொதுவானது சாம்பல்: தண்ணித் தொட்டி, சாலை, விளக்கு.

இந்தச் சாம்பல் வண்ணத்துலதான் தப்பு நடக்கும். "ஊர்ல பத்துல ஒரு பங்கு சின்னப் பிள்ளைங்க, அப்ப தண்ணித் தொட்டிச் செலவுல பத்துல ஒரு பங்கு பிள்ளைங்களுக்கு"ன்னு பிரிச்சு எழுதுற பழக்கம் ஒண்ணு உண்டு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அப்படி எழுதினா சிவப்பு பெருசாத் தெரியும், தட்டுல ஒண்ணும் கூடியிருக்காது. சாம்பலைச் சாம்பலாவே விடுங்க. ஆனா அந்தக் குழாய் பால்வாடி வாசல் வரைக்கும் வந்திருக்கான்னு மட்டும் தாள்ல குறிச்சு வைங்க.

பிள்ளைங்க எத்தனை பேருங்கிறதுக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கை எடுக்காதீங்க. அன்னைக்குத் தமிழ்நாட்டுல ஆறு வயசு வரைக்கும் இருந்த 74 லட்சம் பிள்ளைங்கள்ல யாரும் இன்னைக்கு பால்வாடியில இல்ல. அங்கன்வாடி டீச்சர் வீடு வீடாப் போய் எழுதின கணக்கெடுப்புப் பதிவேடுதான் உங்க ஊரோட உண்மையான எண்ணிக்கை. மரியாதையா, நேரம் இருக்கிறப்பப் போய்க் கேளுங்க. அவங்க ஏற்கெனவே ஒரு பக்கம் பதிவேடு, ஒரு பக்கம் அதே விவரங்களை ஏத்துற மத்திய அரசோட போஷன் டிராக்கர் செயலின்னு திண்டாடிட்டு இருக்காங்க.

ஊராட்சியோட சொந்தச் செலவு, ஊராட்சிக் கணக்குகளுக்கான மத்திய அரசு இணையதளமான இகிராம்ஸ்வராஜ்ல கிடைக்கும். மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சின்னு தேர்ந்தெடுத்தா வரவு, செலவு, வவுச்சர் வரைக்கும் பார்க்கலாம். சோறு, சம்பளத்துக்கு சமூக நலத் துறையோட கொள்கை விளக்கக் குறிப்பு. அது ஊர்வாரியா இருக்காது. அதனால நாம 48,000ன்னு போட்ட மாதிரி, விகிதத்தையும் எண்ணிக்கையையும் பெருக்கித்தான் எழுதணும். பெருக்கி எழுதின எண்ணுக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம் போடுங்க. வவுச்சர்ல பார்த்த எண்ணும் நாம பெருக்கின எண்ணும் ஒண்ணு இல்ல.

(தாள் முழுக்கக் கோடுகள். கீழ ஒரு மூலை மட்டும் பெருசாகுது.)

இப்ப இந்த மூலையைப் பாருங்க. ஊராட்சி தானே முடிவு பண்ணக்கூடிய பணம். வீட்டு வரி போன்ற சொந்த வருமானம், மாநில நிதி ஆணைய மானியம், அப்புறம் மத்திய நிதி ஆணையப் பணம். 2025-26 வரைக்குமான 15ஆவது நிதி ஆணையப் பணத்துல 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும்னு கட்டிப் போட்டிருந்தது. மிச்சம் 40 சதவீதத்தைத்தான் ஊர் தன் தேவைக்குச் செலவு பண்ண முடிஞ்சது, அதுவும் சம்பளத்துக்கு எடுக்கக் கூடாதுன்னு இருந்தது.

மூலை சின்னதுதான். ஆனா பால்வாடிக் கழிப்பறைக்குத் தண்ணி இணைப்பு வேணும்னா, குடிநீருக்கும் துப்புரவுக்கும்னு கட்டிப் போட்ட பங்குலயே அதுக்கு வழி இருக்கு. "ஐசிடிஎஸ்ல கேளுங்க"ன்னு அனுப்ப வேண்டிய வேலை இல்ல அது. கூரை மராமத்துக்குக் கட்டிப் போடாத பங்குல கேட்கலாம். முட்டை வரலைன்னா அதுக்கு ஊராட்சிகிட்ட சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல, மனு குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்குப் போகணும்.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் நடத்தினாலும், தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாதப்ப அரசு போடுற தனி அலுவலர் நடத்தினாலும் தீர்மானப் புத்தகம் ஒண்ணுதான். "அங்கன்வாடிக்கு அடிப்படை வசதி செய்து தர வேண்டும்"னு பொதுவா எழுத விடாதீங்க. எந்த வேலை, எவ்வளவு, எந்த நிதியில இருந்துங்கிற மூணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க. எழுதினதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

(தீர்மானப் புத்தகத்தோட பக்கம். "நிதி" என்ற இடத்துல பேனா முனை.)