பேர் சொல்லி அழைத்தவர்

(புத்தாண்டை ஒட்டித் தர்மபுரியில் எல்லாச் சபையாரும் கூடிய கூட்டத்தில் பேசியது. பலர் கேட்டதால் பேசியபடியே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வணக்கத்துக்குரிய பங்குத்தந்தை அவர்களே, அழகாக ஜெபித்துத் தொடங்கி வைத்த போதகர் ஐயா அவர்களே, நம் விழாவைத் தம் வீட்டு விழாவாக நினைத்து வந்திருக்கும் ஹஜ்ரத் அவர்களே, கோயில் தர்மகர்த்தா அவர்களே, கன்னியர் மடத்துத் தாயார் அவர்களே, அருட்சகோதரிகளே, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் பெருமக்களே, பாடகர் குழுப் பிள்ளைகளே, மார்கழிப் பனியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம். பொன்னாடை போர்த்திய தங்கைக்குத் தனியாக ஒரு நன்றி. பந்தல் போட்ட தம்பிகள் மதியம் சாப்பிடாமல் வேலை செய்ததைப் பார்த்தேன். அவர்களுக்கும் நன்றி.

'இயேசுவின் திருப்பெயர்' என்ற தலைப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான்கு விஷயம் சொல்ல ஆசை. இயேசு என்ற பெயர், கிறிஸ்து என்ற பட்டம், ஆண்டவர் என்றும் கர்த்தர் என்றும் நாம் சொல்லும் சொல், கடைசியாக மாதாவுக்கு நம் மக்கள் சூட்டிய பெயர்கள். எங்கள் ஆயா, அதாவது எங்கள் பாட்டி, அடிக்கடி ஒன்று சொல்வார்: "பேர் சொல்ல ஒரு பிள்ளை வேணும்." அதைக் கையில் பிடித்துக்கொண்டே இந்த நான்குக்குள்ளும் போய் வருவோம்.

லூக்கா எழுதிய நற்செய்தியில் இரண்டாம் அதிகாரம் 21-ஆம் வசனம். பிள்ளை பிறந்து எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்து இயேசு என்று பேர் வைத்தார்கள். டிசம்பர் 25-லிருந்து எண்ணினால் எட்டாம் நாள் ஜனவரி 1. நாம் காலண்டர் மாற்றுகிற நாள் அந்தப் பிள்ளைக்குப் பேர் வைத்த நாள். கத்தோலிக்கத் திருச்சபை ஜனவரி 3-ஐத் திருப்பெயர் நினைவு நாளாகவே வைத்திருக்கிறது. பீடத்துணியிலும் அப்பத்தின் மேலும் ஐ.எச்.எஸ். என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிரேக்கத்தில் இயேசு என்று எழுதினால் வரும் முதல் மூன்று எழுத்து அது.

எபிரேயத்தில் அந்தப் பெயர் யேசுவா. யோசுவா என்பதும் அதே பெயர்தான். 'கடவுள் மீட்கிறார்' என்று பொருள். அந்தக் காலத்தில் அந்த நாட்டில் தெருவுக்கு ஒரு யேசுவா இருந்திருப்பார். நம் பக்கம் பாலக்கோட்டுக் குமார், அரூர்க் குமார் என்று ஊரைச் சேர்த்துச் சொன்னால்தானே ஆள் தெரியும்? அப்படித்தான் அவரும் நாசரேத்தூர் இயேசு ஆனார். ராஜா வீட்டுப் பெயர் எதையும் தேடாமல், தச்சர் வீட்டில் எல்லோரும் வைக்கிற பெயரையே கடவுள் எடுத்துக்கொண்டார். எனக்கு அதை நினைக்க நினைக்க நெஞ்சு நிறைகிறது. எங்கள் ஆயாவுக்கு அவர் சேசு. கால் இடறினால்கூட "சேசு மரி சூசை" என்றுதான் வாயில் வரும். சேசுவும் இயேசுவும் ஒருவரே. வந்த வழிதான் வேறு.

கிறிஸ்து என்பது பெயர் இல்லை, பட்டம். இதை விளக்க நம் ஊர் ஒன்றே போதும். தகடூர் என்று இருந்த ஊர்தானே இது? அதை ஆண்டவரை நாம் அதியமான் என்கிறோம். அது குலப்பெயர். அவருடைய சொந்தப் பெயர் அஞ்சி. 1981-இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் கண்டெடுத்த கல்வெட்டில் 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி' என்று பட்டமும் குலமும் முன்னால் வந்து, கடைசியில்தான் அஞ்சி வருகிறார். அவர் நெல்லிக்கனி கொடுத்த ஔவையாரும் அப்படித்தான். ஔவை என்றால் தாய், மூதாட்டி. மரியாதைச் சொல்லே பெயராகி நின்றுவிட்டது. இயேசு கிறிஸ்து என்பதில் இயேசு பெயர், கிறிஸ்து பட்டம். எபிரேயத்தில் மேசியா, கிரேக்கத்தில் கிறிஸ்து, தமிழில் அருள்பொழிவு பெற்றவர். அபிஷேகம் பண்ணப்பட்டவர் என்றும் சொல்கிறோம். தலையில் எண்ணெய் வார்க்கப்பட்டவர் என்று அர்த்தம். இஸ்ரயேலில் அரசனுக்கும் குருவுக்கும் அப்படி வார்த்தார்கள்.

ஞானஸ்நானத்தின்போது சாமியார் கிறிஸ்மா தைலத்தைப் பிள்ளையின் உச்சியில் பூசுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அப்போது சொல்லும் ஜெபத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். கிறிஸ்து குருவும் இறைவாக்கினரும் அரசருமாக இருப்பது போல இந்தப் பிள்ளையும் அவரோடு சேர்ந்திருக்கட்டும் என்று வரும். ஆண் பிள்ளைக்கு ஒரு ஜெபம், பெண் பிள்ளைக்கு ஒரு ஜெபம் என்று கிடையாது. வீட்டுக்கு வந்ததும் ஆயா அதே உச்சியில் விளக்கெண்ணெய் வைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டுவார். அரசருக்கு வார்த்த எண்ணெய் வார்த்த தலை அது. அந்தத் தலைக்கு நாம் என்ன பேர் வைக்கிறோம்?

நகராட்சித் தலைவர் அவர்கள் வந்திருக்கிறார்கள். வாருங்கள், வணக்கம். இத்தனை வேலைக்கு நடுவில் வந்ததற்கு நன்றி. முன் வரிசையில் இருக்கும் தம்பி, அந்த நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போடுங்கள். பங்குப் பேரவைத் தலைவர் அவர்களும் கூட வந்திருக்கிறார்கள், வணக்கம். நான் சொல்லப்போவதை இவர்களும் கேட்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. சரி.

பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளியில் நான் தமிழ் ஆசிரியையாக இருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வீட்டுக்கு நான்காவது பெண் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலை. ஆயாதான் வளர்த்தார். கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் தூக்குப் போசியில் கொண்டு வருவாள். பெயர் போதும்பொண்ணு. வருகைப் பதிவேட்டில் பெயர் வாசிக்கும்போது எல்லாப் பிள்ளைகளும் "உள்ளேன் டீச்சர்" என்பார்கள். இவள் வாய் திறக்க மாட்டாள். கையை மட்டும் தூக்குவாள், அதுவும் தோளுக்கு மேலே போகாது.

அந்த வருஷம் திருக்குறள் ஒப்பித்தல் போட்டியில் அவள்தான் முதல் பரிசு. ஒரு தடுமாற்றம் கிடையாது. ஆண்டு விழா அன்று சாயங்காலம் ஊரே வந்திருந்தது. பரிசு ஓர் எவர்சில்வர் டம்ளர். மைக்கில் பேர் வாசித்தது யார் தெரியுமா? நான்தான். "முதல் பரிசு, எட்டாம் வகுப்பு, போதும்பொண்ணு" என்றேன். பின்வரிசையில் யாரோ "போதும், போதும்" என்று கத்தினார்கள். கூட்டம் முழுக்கச் சிரித்தது. மேடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவள் வரவில்லை. இன்னொரு தடவை வாசித்தேன். வரவில்லை. டம்ளரை மேசையிலேயே வைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதுதான் பார்த்தேன், புளியமரத்துக்குப் பின்னால் வேரில் உட்கார்ந்திருந்தாள். டம்ளரைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அதில் பேர் வெட்டியிருந்தார்கள். கட்டை விரலால் அந்த எழுத்தை மூடிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் கட்டுரை நோட்டுத் திருத்தினேன். மேலே ஒட்டியிருந்த லேபிளில் 'போதும்' என்ற மூன்றெழுத்தை பிளேடால் சுரண்டியிருந்தாள். தாள் கிழிந்து அட்டை தெரிந்தது. மீதி 'பொண்ணு' மட்டும் இருந்தது. சாயங்காலம் அவளே வந்து, "டீச்சர், பேரை மாத்த முடியுமா?" என்று கேட்டாள். "பேர் என்ன பண்ணும் கண்ணு, நீ நல்லாப் படி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு பிள்ளைக்கு நான் சொன்ன தப்பான பதில் அது. இன்று இந்த மேடையில் ஏறியதே அதற்காகத்தான்.

மீதியையும் கேளுங்கள். பத்து வருஷம் கழித்து அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசித்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கவும் என்று. பெண் பெயரைக் கேட்டதும் கோயிலில் ஒருவருக்கும் அது யார் என்று தெரியவில்லை. அவளுடைய அம்மாவே பக்கத்தில் இருந்தவரிடம், "அது யாருடி?" என்று கேட்டாராம். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு புனிதையின் பெயர் அவளுக்கு இருந்திருக்கிறது. இருபத்து மூன்று வருஷம் அந்தப் பெயர் கோயில் அலமாரிக்குள் பூட்டியே கிடந்தது. ஒருவர் ஒரு நாள் கூப்பிடவில்லை.

பேர் சொல்ல ஒரு பிள்ளை வேணும் என்கிறோமே, அந்தப் பிள்ளையின் பேரை யார் சொல்வது? ஏசாயா 43-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் கடவுள் சொல்கிறார், உன்னைப் பேர் சொல்லி அழைத்தேன், நீ எனக்கு உரியவள் என்று. யோவான் பத்தாம் அதிகாரத்தில் மேய்ப்பர் தம் ஆடுகளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். இதை நம் ஊரில் விளக்கவே வேண்டாம். வெள்ளச்சி, கருப்பி என்று ஆட்டுக்குக்கூட ஆசையாகத்தானே பேர் வைக்கிறோம். கல்லறைத் தோட்டத்தில் மகதலா மரியாவுக்கு உயிர்த்த இயேசுவை அடையாளம் தெரியவில்லை. தோட்டக்காரர் என்று நினைத்தாள். "மரியா" என்று ஒரு சொல் சொன்னார். தெரிந்துவிட்டது.

தப்பான பேரை மாற்றலாமா என்று கேட்கிறவர்களுக்கு வேதத்திலேயே பதில் இருக்கிறது. ராகேல் பிரசவத்தில் உயிர் போகும்போது பிள்ளைக்கு பெனோனி என்று பேர் வைத்தாள், 'என் துக்கத்தின் மகன்' என்று. யாக்கோபு அதை ஏற்கவில்லை. அங்கேயே பென்யமீன் என்று மாற்றினார், 'வலக்கையின் மகன்' என்று. அது ஆண் பிள்ளை. பெண் பிள்ளைக்கு? ஓசேயா புத்தகத்தைத் திறங்கள். தீர்க்கதரிசிக்கு ஒரு பெண் பிறக்கிறது. பெயர் லோருகாமா. 'இரக்கம் பெறாதவள்' என்று அர்த்தம். நம் போதும்பொண்ணுக்கும் வேண்டாமணிக்கும் அக்காள் மாதிரி ஒரு பெயர். அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே அந்த 'லோ' போய்விடுகிறது. எபிரேயத்தில் 'லோ' என்றால் இல்லை. உங்கள் சகோதரியை ருகாமா என்று சொல்லுங்கள், இரக்கம் பெற்றவள் என்று சொல்லுங்கள் என்கிறார். என் மாணவி பிளேடால் சுரண்டினாளே, அதே வேலையைக் கடவுள் செய்திருக்கிறார். இந்த வசனத்தை முதன்முதலில் கவனித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகார் ஓர் அடிமைப் பெண். எஜமானியிடமிருந்து ஓடிப்போய்ப் பாலைவனத்தில் தண்ணீர் ஊற்றுப் பக்கத்தில் இருந்தவள். கடவுளுக்கே ஒரு பெயர் வைத்தவள் அவள்தான், 'என்னைக் காண்கிற தேவன்' என்று. வேதத்தில் அவளுக்கு முன்னால் வேறு யாரும் கடவுளுக்குப் பேர் சூட்டியதாக இல்லை. ஒரு பெண் கடவுளுக்குப் பேர் வைக்கலாம் என்றால், அவளுக்கு நல்ல பேர் வைக்க நமக்கு ஏன் மனம் வரவில்லை?

நம் முன்னோர் இதில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் பாருங்கள். பவுல் என்றால் லத்தீனில் சிறியவர், அதனால் சின்னப்பர். யோவான் என்றால் கடவுளின் அருள், அதனால் அருளப்பர். ஸ்தேவான் என்றால் கிரேக்கத்தில் முடி, கிரீடம், அதனால் முடியப்பர். யோசேப்பு என்றால் பெருகச் செய்வார் என்று பொருள். வீரமாமுனிவர் தேம்பாவணியில் அவரை வளன் என்றார். எங்கோ பிறந்த புனிதருக்கு அர்த்தம் பார்த்துப் பேர் வைத்த மக்கள், சொந்தப் பெண்ணுக்குப் போதும் என்று வைத்தோம்.

ஆண்டவர், கர்த்தர் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். சுருக்கமாக முடிக்கிறேன். மோசேக்குக் கடவுள் சொன்ன பெயர் நான்கு எபிரேய எழுத்து. அதைப் பயபக்தியால் உச்சரிக்காமல் யூதர்கள் அதோனாய், அதாவது ஆண்டவர், என்று வாசித்தார்கள். புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் அந்த இடத்தில் கர்த்தர் என்று இருக்கும். இரு சபையாரும் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட திருவிவிலியத்தில் ஆண்டவர் என்று இருக்கும். இதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். மாதாவின் பெயர்களுக்கும் நேரம் இல்லை, தந்தை அவர்கள் மணியைப் பார்க்கிறார்கள். எனக்கு இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

இது பழைய கதை என்று சொல்லாதீர்கள். பெற்றவர்கள் வேண்டாம் என்று விடும் பெண் குழந்தைகளை அரசு வாங்கிக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் ஆரம்பித்து அப்புறம் நம் மாவட்டத்துக்கும் வந்தது. ஏன் வந்தது என்று இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். மகாராஷ்டிராவில் சதாரா மாவட்டத்தில் 'நகுஷா', வேண்டாதவள் என்ற பெயரோடு இருந்த 285 பெண் பிள்ளைகளுக்கு 2011-இல் விழா எடுத்துப் புதுப் பெயர் கொடுத்தார்கள். அங்கே ஒரு மாவட்டம் செய்ததை நாம் செய்ய முடியாதா? நகராட்சித் தலைவர் அவர்களையும் எல்லாச் சபை பெரியவர்களையும் கையெடுத்துக் கேட்கிறேன். எந்த மதத்துப் பெண்ணாக இருந்தாலும் சரி.

வழி ரொம்பக் கஷ்டம் இல்லை. குழந்தை பிறந்து பிறப்பைப் பதிவு செய்தவர்கள் பேரை எழுதாமல் விட்டிருந்தால், 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 வருஷம் வரை கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஏற்கெனவே வைத்த பேரை மாற்றுவது என்றால் தமிழ்நாடு அரசிதழில் வர வேண்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்குப் பெற்றவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார் தெரியுமா? அந்தப் பெண்தான். நான் ஓய்வு பெற்ற அன்று ஓசூரிலிருந்து வந்திருந்தாள். பையிலிருந்து அரசிதழ் நகலை எடுத்துக் காட்டினாள். ஓலையில் வாசித்த அதே பெயர். அதை மேடையில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், அதனால் சொல்லவில்லை.

மேடைக்கு வலது பக்கம் தண்ணீர்க் கேன் வைத்திருக்கும் இடத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். நீளமான நோட்டு ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படிப் பெயரோடு யார் இருந்தாலும் போகும்போது எழுதிவிட்டுப் போங்கள். விண்ணப்பம் நிரப்ப, நகல் எடுக்க, கட்டணம் கட்ட நானும் இரண்டு ஆசிரியைகளும் பொறுப்பு. பழைய பேரை எழுத வேண்டாம். இனிமேல் எப்படிக் கூப்பிட வேண்டுமோ அந்தப் பேரை எழுதுங்கள். முதல் வரியில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. நேற்று பந்தல் போடும்போது ஓர் ஆயா வந்து எழுதச் சொன்னார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பேத்தி தேர்ந்தெடுத்துக் கொடுத்த பெயராம். எழுதி முடித்ததும், "ஒரு தரம் சத்தமா வாசிம்மா" என்றார். வாசித்தேன்.