எல் நினோ வருடத்து ஐப்பசி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சில வருடங்களில் மே மாதமே செய்தி வரத் தொடங்கிவிடும்: "பசிபிக் கடலில் எல் நினோ உருவாகிறது, இந்தியாவில் வறட்சி அபாயம்." செய்தியில் தப்பில்லை. தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கும் மராட்டியத்துக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் அது கவலைப்பட வேண்டிய சங்கதிதான். ஆனால் அதே செய்தியைத் திருவாரூரிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து கேட்பவர் கொஞ்சம் வேறு மாதிரிக் கேட்க வேண்டும். வடக்கே பல நாடுகளில் குளிர்காலம் என்றால் பனி. நமக்கு அது ஐப்பசியில் தொடங்கும் மழை. அந்த மழைக்கும் எல் நினோவுக்கும் உள்ள உறவு கிட்டத்தட்டத் தலைகீழானது. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் பசிபிக்குக்குப் போய்விட்டு வருவோம். சாதாரண வருடத்தில் அங்கே பூமத்தியரேகையை ஒட்டிக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசும். வெயிலில் சூடேறிய மேல் தண்ணீரை அது இந்தோனேசியா பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளிய தண்ணீர் சேர்ந்து, மேற்குக் கரையில் கடல் மட்டம் தென் அமெரிக்கக் கரையைவிட ஏறக்குறைய அரை மீட்டர் உயர்ந்து நிற்கும். பெரு நாட்டுக் கரையில் மேல் தண்ணீர் விலகிப் போன இடத்தில் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வரும். அதோடு மீனுக்கு வேண்டிய சத்தும் வரும். அங்கே நெத்திலி கொள்ளையாகக் கிடைப்பது அதனால்தான்.

சில வருடம் அந்தக் காற்று சோர்ந்துவிடுகிறது. மேற்கே குவிந்திருந்த சூட்டு நீர் கிழக்கே திரும்பிப் பரவுகிறது. பெருவில் மீன் அற்றுப்போகிறது. கிறிஸ்துமஸை ஒட்டி வரும் இந்த வெந்நீரோட்டத்துக்கு அந்த மீனவர்கள் குழந்தை இயேசுவை நினைத்து எல் நினோ என்று பெயர் வைத்தார்கள். இதற்கு நேர்மாறாக, வழக்கமான அந்தக் காற்றே இன்னும் வலுத்து, நடு பசிபிக் வழக்கத்தைவிடக் குளிர்ந்தால் லா நினா. நடு பசிபிக்கில் குறிப்பிட்ட ஒரு பகுதியின் மேற்பரப்பு வெப்பம் சராசரியிலிருந்து அரை டிகிரி செல்சியஸ் விலகி, சில மாதம் அப்படியே நின்றாலே இந்தப் பெயர்களைச் சூட்டிவிடுகிறார்கள். 2015 கடைசியில் அது இரண்டரை டிகிரியையும் தாண்டியது.

அரை டிகிரியில் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். கடலின் மேல் மூன்று மீட்டர் தண்ணீர் மட்டுமே மொத்த வளிமண்டலமும் பிடித்து வைக்கும் அளவுக்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. உலகச் சுற்றளவில் கால் பங்கு நீளத்துக்குக் கடலின் சூடு மாறினால் மேலே இருக்கும் காற்று சும்மா இருக்காது. மழை மேகம் எழும் இடமே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நகர்ந்துவிடும்.

இதன் முதல் நுனியைப் பிடித்தவர் நம் நாட்டில் வேலை பார்த்தவர் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. கில்பர்ட் வாக்கர், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர்; பூமராங் ஏன் அப்படிப் பறந்து திரும்பி வருகிறது என்று ஆராய்ந்தவர். 1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமையேற்றார். தாது வருடப் பஞ்சமும் 1899 பஞ்சமும் ஆட்சியாளர்களை உலுக்கியிருந்த காலம். பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி உண்டா என்பதே கேள்வி. வாக்கர் உலகம் முழுவதிலிருந்தும் காற்றழுத்தம், மழை, வெப்பம் என்று எண்களை வரவழைத்தார். கணிப்பொறி இல்லாத காலம். இந்திய எழுத்தர்கள் வரிசையாக உட்கார்ந்து கையாலேயே கணக்குப் போட்டார்கள். அந்தக் குவியலிலிருந்து ஒரு ஒழுங்கு வெளிப்பட்டது: ஆஸ்திரேலியா, இந்தியப் பெருங்கடல் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் தென் பசிபிக் பக்கம் இறங்கும், இங்கே இறங்கினால் அங்கே ஏறும். இதற்குத் தென் அலைவு என்று பெயர் வைத்தார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை, அதனால் பலர் நம்பவும் இல்லை. 1969-ல்தான் யாக்கோப் பியர்க்னெஸ் என்ற அறிஞர் வாக்கரின் காற்றழுத்த ஊசலாட்டமும் பெரு மீனவர்களின் எல் நினோவும் ஒரே நிகழ்வின் இரண்டு முகங்கள் என்று விளக்கினார். அதைப் பார்க்க வாக்கர் இல்லை, 1958-லேயே காலமாகிவிட்டார்.

வாக்கர் முக்கியமாகத் தேடியது தென்மேற்குப் பருவமழைக்கு விடை. அதற்கு எல் நினோ பெரும்பாலும் பகை. இந்தோனேசியா மேல் எழ வேண்டிய காற்று கிழக்கே நகர்ந்துவிடுவதால், இந்தப் பக்கம் காற்று கீழிறங்கி மேகத்தை அமுக்குகிறது. அப்படியானால் ஐப்பசியில் மட்டும் ஏன் கதை மாறுகிறது?

அக்டோபருக்குள் மழைப் பட்டை வட இந்தியாவை விட்டுத் தெற்கே நம் அட்சரேகைக்கு இறங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் எல் நினோவின் அமுக்கம் இந்தோனேசியா மேல்தான் பலமாக உட்கார்ந்திருக்கும். அங்கே அழுத்தம் கூடுவதால் இந்தியப் பெருங்கடலில் பூமத்தியரேகையை ஒட்டி வழக்கமாகக் கிழக்கு நோக்கிப் போகும் காற்று தளர்கிறது. சில வருடம் திசையே மாறுகிறது. வேறெங்கோ போயிருக்க வேண்டிய ஈரம் கொண்டல் என்னும் கிழக்குக் காற்றோடு சேர்ந்து இலங்கை, தமிழகக் கரை பக்கம் வந்து குவிகிறது. லா நினா வருடத்தில் இந்தோனேசியா பக்கம் மேகம் கொழுக்கும், ஈரத்தை அந்தப் பக்கமே இழுத்துக்கொள்ளும்.

இந்தியப் பெருங்கடலுக்கென்றே தனியாக ஒரு ஊசலாட்டமும் உண்டு. 1999-ல்தான் அதற்கு இருமுனை நிலை என்று பெயர் கிடைத்தது. ஆப்பிரிக்கக் கரைப் பக்கம் கடல் சூடாகி சுமத்ராப் பக்கம் குளிர்ந்தால் அது நேர்மறை. நம் மழைக்குப் பெரும்பாலும் சாதகம். 1997-ல் எல் நினோவும் இதுவும் ஒன்றாகச் சேர்ந்தன. கிழக்கு ஆப்பிரிக்காவில் வெள்ளம், இந்தோனேசியாவில் காட்டுத் தீயும் புகையும், நமக்குக் கொட்டும் வடகிழக்கு மழை.

கணக்கேட்டைப் புரட்டலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்தின் இயல்பான மழை சுமார் 44 சென்டிமீட்டர்; வருட மழையில் ஏறக்குறைய பாதி. 2015-ல் பலமான எல் நினோ. இயல்பைவிடப் பாதி அளவு கூடுதலாகப் பெய்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் அந்த நவம்பர் மட்டும் நூறு சென்டிமீட்டரைத் தாண்டியது. அதைவிட அதிகம் பெய்த நவம்பரைத் தேடினால் 1918-க்குப் போக வேண்டும். அதுவும் எல் நினோ காலம். டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். அடையாறு என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருடம், 2016. பசிபிக் லா நினா பக்கம் சாய்ந்தது, இருமுனை நிலையும் எதிர்மறை. தமிழகத்துக்குக் கிடைத்தது வெறும் 17 சென்டிமீட்டர் அளவுக்குத்தான். நூறு வருடத்துக்கும் மேலாகக் காணாத பற்றாக்குறை. வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்ததும் அதே டிசம்பரில்தான். புயல் வந்தது, மழைக் கணக்கு நிறையவில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் பேச்சு அழகாக முடிந்துவிடும். ஆனால் ஏட்டில் மற்ற பக்கங்களும் இருக்கின்றன. 2020, 2021, 2022 மூன்று வருடமும் வரிசையாக லா நினா. ஒரு வருடம்கூட வடகிழக்கு மழை பொய்க்கவில்லை. 2021-ல் இயல்பைவிடப் பாதிக்கு மேல் கூடுதலாகக் கொட்டித் தீர்த்தது. 2018-ல் பசிபிக் எல் நினோ பக்கம் சாய்ந்திருந்தது, கஜா புயலும் வந்தது, ஆனால் மாநிலத்தின் மொத்த மழையில் கால் பங்கு போலக் குறைந்தது. அடுத்த கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும்.

கடலின் ஊசலாட்டம் செய்வது தாயக்கட்டையின் ஒரு பக்கத்தில் கொஞ்சம் ஈயம் வைப்பதைப் போன்றது. உருட்டினால் குறிப்பிட்ட எண் அடிக்கடி விழும். ஒவ்வொரு தடவையும் விழாது. ஈயமும் நிலையாக ஒரே எடையில் இருப்பதில்லை. சில பத்தாண்டுகளில் எல் நினோவுக்கும் நம் மழைக்கும் உள்ள பிணைப்பு இறுக்கமாக இருக்கிறது, சில பத்தாண்டுகளில் தளர்கிறது.

நமக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். எல் நினோ வந்தால் கலிபோர்னியாவின் தென்பகுதியில் குளிர்கால மழை அதிகம் என்பது அங்கே பாலபாடம். 1982-83, 1997-98 இரண்டிலும் அப்படியே நடந்தது. 2015-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் வடிகால்களைத் துப்புரவு செய்து காத்திருந்தது. எதிர்பார்த்த மழை வரவில்லை. அங்கே வர வேண்டியது இங்கே வந்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்பவர்கள் உண்டு. அறிவியல் அவ்வளவு எளிதாகக் கணக்கு நேர் செய்வதில்லை. 2022-23 குளிர்காலத்தில் அதற்கு நேர்மாறு: லா நினா, வறட்சி என்று எதிர்பார்த்த கலிபோர்னியாவில் புயல் மேல் புயலாக வந்து மலைகளில் பனி குவிந்தது.

சரி, மீண்டும் நம் ஊருக்கு. தமிழக விவசாயிக்கு இந்த விஷயம் இரட்டைக் கணக்கு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கிறோம். அணைக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு குடகு மலையில் பெய்யும் தென்மேற்கு மழை. எல் நினோ வருடத்தில் அது குறையலாம்; குறுவை தள்ளாடலாம், கர்நாடகத்தோடு வாய்ச்சண்டை சூடாகலாம். அதே வருடம் ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் வானம் தாராளமாக இருக்க வாய்ப்பு அதிகம். சம்பாவும் தாளடியும் மழையிலேயே தேறலாம், சில இடங்களில் மூழ்கவும் செய்யலாம். ஆற்றுப் பாசனக்காரருக்கும் ஏரிப் பாசனக்காரருக்கும் ஒரே எல் நினோ வேறு வேறு முகம் காட்டும். "வறட்சி ஆண்டு" என்று மாநிலம் முழுவதற்கும் ஒரே முத்திரை குத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இலங்கையில் பெரும்போகம் முழுக்க இந்த மழையை நம்பியது. அங்கே எல் நினோ ஒரே பருவத்துக்குள்ளேயே இரண்டு விதமாக நடந்துகொள்ளும்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையைக் கூட்டும், ஜனவரிக்கு அப்புறம் குறைக்கும். விதைக்கும்போது வயலில் தண்ணீர் நிற்கிறது என்பதற்காகக் கதிர் வரும்போதும் நிற்கும் என்று நம்பிவிட முடியாது.

இன்னொரு சிக்கல், பருவத்தின் மொத்த அளவு வேறு, அது வந்து விழும் நாட்கள் வேறு. 2023 எல் நினோ வருடம். பருவ முடிவில் மாநிலக் கணக்கு இயல்பை ஒட்டித்தான் நின்றது. ஆனால் டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் சென்னை மிதந்தது. மார்கழி பிறந்த கையோடு காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்த வட்டாரத்தில் ஒரு வருடத்துக்கே அவ்வளவு பெய்வதில்லை. "கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்ற பழமொழியைத் தாமிரபரணி ஒரே இரவில் அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்படிப்பட்ட நாட்களைப் பசிபிக் முடிவு செய்வதில்லை. பூமத்தியரேகையை ஒட்டி 30 முதல் 60 நாட்களுக்கு ஒரு தடவை உலகைச் சுற்றி வரும் ஒரு மேகக்கூட்டம் இருக்கிறது. 1971-ல் அதைக் கண்டறிந்த இருவரின் பெயரால் மேடன்–ஜூலியன் அலைவு என்பார்கள். அது இந்தியப் பெருங்கடல் மேல் வரும் வாரங்களில் வங்கக் கடலில் தாழ்வுநிலைகள் துளிர்க்க வசதி கூடுகிறது. கடைசியில் எந்த ஊருக்கு எவ்வளவு மழை என்பதைத் தாழ்வுநிலை எங்கே தயங்கி நிற்கிறது என்பதே தீர்மானிக்கும். அதை அதிகம் போனால் நான்கைந்து நாள் முன்னால் சொல்லலாம்.

ஆகவே செப்டம்பர் கடைசியில் வானிலைத் துறை வெளியிடும் பருவக் கணிப்பைக் கேட்டு, எந்த நெல் ரகம், எத்தனை நாள் பயிர், ஏரிக் கரையை எப்போது பலப்படுத்துவது என்று முடிவு செய்யலாம். உரம் போடவும் அறுவடைக்கு நாள் பார்க்கவும் அது உதவாது. அதற்கு இரண்டு வாரக் கணிப்பு. படகைக் கடலில் இறக்கலாமா என்பதற்கு அன்றைய எச்சரிக்கை மட்டும்தான். முதல் கணிப்பில் "இயல்பைவிட அதிகம்" என்று வந்திருந்தால், கீழே எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். செய்திகளில் பெரும்பாலும் விட்டுப்போவது அந்த எண்தான். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.