ஒட்டாமல் நிற்கும் பிரிட்ஜ்

நேயர்களுக்கு வணக்கம். மாண்டலின் என்றதும் நம்மில் பலருக்கு யு. ஸ்ரீனிவாஸ் வாசித்ததுதான் நினைவுக்கு வரும். அவர் கையில் இருந்தது ஐந்து தந்தி போட்ட மின்சார மாண்டலின். நான் பேச வந்தது, மின்சாரம் இல்லாமல் மரத்தின் பலத்திலேயே ஒலிக்கிற எட்டுத் தந்தி மாண்டலினைப் பற்றி. எட்டு என்றாலும் நான்கு ஜோடிதான். ஜி, டி, ஏ, ஈ என்று மேற்கத்திய வயலினுக்கு வைக்கிற அதே சுருதி.

கிப்ஸன் நிறுவனத்தில் லாயிட் லோர் 1922-இல் கொண்டுவந்த எஃப்-5 மாண்டலினைத்தான் இன்றும் பல கைவினைஞர்கள் முன்மாதிரியாக வைத்துச் செய்கிறார்கள். மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம். அடிப்பலகையும் பக்கங்களும் மேப்பிள். மேல்பலகை வளைவானது, ஆனால் மரத்தை வளைத்துச் செய்வதில்லை, கட்டையிலிருந்து குடைந்து எடுக்கிறார்கள். நடுவில் சுமார் 5 மில்லிமீட்டர் கனம், ஓரம் நெருங்க 3. கனம் மிஞ்சினால் ஒலி உள்ளேயே அடங்கிவிடும். குறைந்தால் தந்திகளின் இழுவையில் பலகை அமுங்கும். எட்டுத் தந்தியும் சேர்ந்து 70, 80 கிலோ அளவுக்கு இழுக்கின்றன!

அடுத்தது ஃபிரெட், அதாவது கழுத்தில் குறுக்கே பதிக்கிற உலோகக் கம்பிகளின் கணக்கு. தந்தியின் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட் எங்கே என்று கிடைக்கும். 352 மில்லிமீட்டர் நீளத்துக்கு 19.76 வரும். மீதியை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. இப்படியே போக வேண்டியதுதான். ஆனால் பலகையில் குறிக்கும்போது ஒவ்வொன்றையும் நட்டிலிருந்தே, அதாவது கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் கட்டையிலிருந்தே, அளக்க வேண்டும். ஃபிரெட்டுக்கு ஃபிரெட் அளந்தால் சின்னச் சின்னப் பிசகெல்லாம் சேர்ந்து, கடைசியில் பெரிய பிசகாகிவிடும்.

இனி பிரிட்ஜ், மேல்பலகையின்மேல் நின்று தந்திகளைத் தாங்குகிற சிறு கட்டை. இதற்குத்தான் நேரத்தை அதிகம் வைத்திருக்கிறேன். நல்ல மரம், நல்ல வேலைப்பாடு, ஆனாலும் ஒலி எழும்பவில்லையா? முதலில் பிரிட்ஜின் அடியைப் பாருங்கள். இதைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. தந்திகளின் அழுத்தத்தில் மட்டுமே நிற்கிறது. மேல்பலகையோ வளைந்தது. பிரிட்ஜின் பாதம் அந்த வளைவோடு முழுக்கப் படிந்தால்தான் தந்தியின் அதிர்வு பலகைக்குப் போகும். நடுவில் ஒரு நூலிழை இடைவெளி இருந்தாலும் ஒலி மெலியும்.

படிய வைக்கும் முறை இதுதான். பிரிட்ஜ் நிற்கிற இடத்தில் 80-ஆம் எண் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே இருக்கும்படி பலகைமேல் டேப் போட்டு ஒட்டுங்கள். பிரிட்ஜைப் பாதத்தை ஒட்டித் தாழ்வாகப் பிடித்து, தந்தி ஓடும் திசையில் சிறு சிறு இழுப்பாகத் தேயுங்கள். தாழ்வாக என்று சொன்னேன், அதை மறக்காதீர்கள். உச்சியைப் பிடித்துத் தேய்த்தால் பிரிட்ஜ் முன்னும் பின்னும் ஆடி, பாதத்தின் விளிம்பு உருண்டுவிடும். பாதத்தில் முதலிலேயே பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். எந்தக் கோடு அழியவில்லையோ, அந்த இடம் இன்னும் படியவில்லை. கோடு எல்லாம் அழிந்ததும் 150, 220 என்று நயமான தாளுக்கு மாறலாம். பின்னால் விளக்கை வைத்துப் பாருங்கள். அடியில் வெளிச்சக் கீற்று தெரியக் கூடாது.

இடம் பார்ப்பது அடுத்த வேலை. 12-ஆவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டுங்கள். பிறகு அதே ஃபிரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் பிரிட்ஜை வால்பக்கம் தள்ள வேண்டும், இறங்கியிருந்தால் கழுத்துப்பக்கம். இப்படிப் பார்த்து வைத்த இடத்தை விடக் கூடாது. அதனால்தான், தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள் என்று சொல்கிறோம். எட்டையும் ஒரேயடியாகக் கழற்றினால் பிரிட்ஜ் கையோடு வந்துவிடும், பார்த்த இடமும் போய்விடும்.

இன்னொன்று. முறுக்காணியைத் திருப்பத் திருப்பத் தந்தி பிரிட்ஜின் தலையைக் கழுத்துப்பக்கம் இழுக்கும். சுருதி சேர்த்து முடித்ததும் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். சாய்ந்திருந்தால் தந்தியைச் சற்றுத் தளர்த்தி நிமிர்த்துங்கள். சாய விட்டால் பாதம் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். தேய்த்துப் படிய வைத்ததெல்லாம் வீண். உயரம் மாற்றும் திருகுகளையும் தந்தியைத் தளர்த்திய பிறகே திருப்புங்கள், இல்லையென்றால் மரை போய்விடும்.

நேரம் நெருங்குகிறது. நட்டைப் பற்றி ஒன்றே ஒன்று: இரண்டாவது, மூன்றாவது ஃபிரெட்டுகளுக்கு நடுவே தந்தியை அழுத்துங்கள். முதல் ஃபிரெட்டின்மேல் ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி இருந்தால் போதும். அதற்குமேல் இருந்தால் முதல் சில ஸ்வரங்கள் ஏறி ஒலிக்கும், விரலும் வலிக்கும்.

வாசிப்புக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தேன், அரை நிமிடம்தான் இருக்கிறது. பிளெக்ட்ரம், அதாவது தந்தியை மீட்டுகிற சில்லு, 1 மில்லிமீட்டருக்குமேல் கனமாக இருக்கட்டும். அதை இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஜோடியின் இரண்டு தந்தியிலும் படும்படி, முழங்கையை இறுக்காமல் மணிக்கட்டால் மீட்டுங்கள். ட்ரெமலோவை, அதாவது ஒரே ஸ்வரத்தை மேலும் கீழுமாக விடாமல் மீட்டுவதை, மெதுவாகத் தொடங்கி, மேல் வீச்சும் கீழ் வீச்சும் ஒரே பலத்தில் விழுகிற வரைக்கும் வேகம் கூட்டாதீர்கள். நன்றி, வணக்கம்.