வீவா, வாயா: அகஸ்டோ தே கம்போஸின் காட்சிக் கவிதைகள்

அவையோருக்கு வணக்கம்.

சொற்களின் வடிவத்தையும் அவை தாளில் நிற்கும் இடத்தையுமே பொருளாக்குகிற பிரேசிலின் கான்கிரீட் கவிதை என்றதும் நம்மில் பலர் ஒரு தீர்ப்போடுதான் வந்து உட்காருகிறோம். எழுத்துகளைக் கட்டம் கட்டி அடுக்குகிற விளையாட்டு, படித்தவர்களின் குறுக்கெழுத்துப் போட்டி, இதில் வாழ்க்கை எங்கே இருக்கிறது என்று கேட்கிறோம். பிரேசிலிலேயே இப்படிக் கேட்டவர்கள் ஏராளம். அந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் கவிஞர் அகஸ்டோ தே கம்போஸ் ஒருவரே போதும்.

1931இல் சாவோ பாவ்லோவில் பிறந்தவர், சட்டம் படித்தவர். 1952இல் அண்ணன் அரோல்டோவுடனும் தேசியோ பிக்னதாரியுடனும் சேர்ந்து ஒரு குழுவையும் ஓர் இதழையும் தொடங்கினார். அதன் பெயர் ‘நொய்காண்ட்ரஸ்’. அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்டின் நெடுங்கவிதையில் ஒரு முதிய அறிஞர் பொருள் புரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ளும் தென் பிரான்சின் பழைய பிரோவென்சால் மொழிச் சொல் அது. இருபதுகளில் இருந்த மூன்று இளைஞர்கள் யாருக்கும் அர்த்தம் தெரியாத சொல்லைப் பெயர்ப்பலகையில் எழுதி மாட்டினார்கள். திமிர்தான். திமிர் இல்லாத இளங்கவிஞர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

1953இல் அகஸ்டோ எழுதிய ‘பொயெத்தாமேனோஸ்’ தொகுப்பு காதல் கவிதைகள் கொண்டது. ஆனால் பல நிறங்களில் எழுதியது. ஒரு மெட்டை ஒரே வாத்தியத்துக்குக் கொடுக்காமல் பல வாத்தியங்களுக்குப் பகிர்ந்து கொடுப்பார் ஆஸ்திரிய இசைமேதை வெபர்ன். அந்த உத்தியை அகஸ்டோ தாளுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு நிறமும் ஒரு குரல். ஒரே சொல்லின் பாதி ஒரு நிறத்தில் இருக்கும், மீதி வேறு நிறத்தில் இருக்கும். தட்டச்சுப் பொறியில் வண்ணக் கார்பன் தாள்களை மாற்றி மாற்றிச் செருகி அவற்றை அடித்தார். காதலியின் பெயரை உடைத்து இடம் மாற்றி வைப்பதற்கு இத்தனை பாடு பட்ட ஒருவரை உணர்ச்சியற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1958இல் மூவரும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அப்போது புதிய தலைநகர் பிரசீலியா எழும்பிக்கொண்டிருந்தது. அந்த நகரின் வரைபடத்துக்கு இருந்த ‘பிளானோ பிலோட்டோ’ என்ற பெயரையே அறிக்கைக்கும் வைத்தார்கள். வரிக்கவிதையின் காலம் முடிந்துவிட்டது என்று அதில் அறிவித்தார்கள். முடியவில்லை என்பது நமக்குத் தெரியும். அறிக்கையை விட்டுவிட்டுக் கவிதைகளுக்கு வருவோம்.

1963இல் எழுதியது ‘சிடாஜி சிட்டி சிதே’. சிடாஜி என்றால் போர்த்துகீசிய மொழியில் நகரம். பண்புப்பெயர்களின் வாலாகவும் அதே ஒலி வரும்: பெலிசிடாஜி மகிழ்ச்சி, வெலோசிடாஜி வேகம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இதே கதைதான். அகஸ்டோ இத்தகைய சொற்களின் வாலை வெட்டிவிட்டுத் தலைகளை மட்டும் இடைவெளியே இல்லாமல், பெரும்பாலும் அகரவரிசையில், ஒரே நீண்ட சொல்லாகக் கோத்தார். மூச்சு முட்ட வாசித்துக் கடைசியை எட்டும்போதுதான் ‘நகரம்’ வருகிறது, மூன்று மொழிகளிலும். வரிசையின் முதல் தலை கொடூரம், கடைசித் தலை பெருந்தீனி. சாவோ பாவ்லோவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியும் இவ்வளவு சொல்லியிருக்க முடியாது.

1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதே ஆண்டில் அவர் செய்த ‘கண்ணுக்குக் கண்’ணில் எழுத்தே கிடையாது. பத்திரிகைகளிலிருந்து வெட்டிய கண்களைக் கோபுரமாக ஒட்டி, உச்சியில் போக்குவரத்துச் சின்னங்களை வைத்தார். யாரோ எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்டில் எதற்கு விளக்கவுரை?

அடுத்த ஆண்டு வந்தது ‘லுஷு’. லுஷு என்றால் ஆடம்பரம், லிஷு என்றால் குப்பை. தமிழில் எழுதினாலும் ஒரு குறிதான் மாறுகிறது, பாருங்கள். மடித்து விரிக்கும் தாளில், கொடிக்கொடியாய் வளைந்த அலங்கார எழுத்தில் லுஷு, லுஷு, லுஷு என்று நெருக்கமாக அச்சிட்டிருக்கிறது. கிட்டே பார்த்தால் நகைக்கடை விளம்பரம் மாதிரிப் பளபளப்பு. தாளைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தால், அந்தச் சிறு எழுத்துகள் எல்லாம் சேர்ந்து லிஷு என்ற பெரிய சொல்லாக நிற்கின்றன. இதைக் காதால் கேட்டால் பாதிதான் கிடைக்கும். தூரத்தை மாற்றினால்தான் பொருள் மாறும்.

இனி எனக்குப் பிடித்தது. 1968இல் சாவோ பாவ்லோவில் நடந்த பாடல் விழாவில் பாடகர் கயெத்தானோ வெலோசோ மேடையேறியபோது மாணவர்கள் ஊளையிட்டார்கள். மின்கிதார் அவர்களுக்கு அந்நிய விஷமாகத் தெரிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ராணுவமும் அவரைக் கைது செய்தது, பிறகு லண்டனுக்கு நாடு கடத்தல். இரண்டு பக்கத்து அடியும் ஒரே ஆளுக்கு. அவர் நாடு திரும்பிய 1972இல் அகஸ்டோ அவருக்குச் சமர்ப்பித்த கவிதை இரண்டே சொற்கள்: வீவா, வாயா. வீவா என்றால் வாழ்க. வாயா என்றால் கூட்டத்தின் ஊளை. ரோமன் எழுத்தில் இவை VIVA, VAIA. அதில் ‘வி’யைத் தலைகீழ் முக்கோணமாகவும் ‘ஏ’யை நேர் முக்கோணமாகவும் ‘ஐ’யைக் கம்பமாகவும் வரைந்தார். இப்போது வீவா என்று எழுதிய தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். வாயா! வாழ்த்துவதும் ஊளையிடுவதும் ஒரே வடிவம்தான், தாளை யார் எந்தப் பக்கம் பிடிக்கிறார்கள் என்பதுதான் வேறுபாடு. கோஷம் போடுகிறவர்கள் விரும்புகிற கவிதை அல்ல இது. ஆனால் வாழ்க்கை எங்கே என்று கேட்டவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

எல்லாக் கவிதையும் இப்படி அமைந்துவிடவில்லை. சில ஒரு முறை பார்த்ததும் தீர்ந்துவிடுகின்றன, மறுமுறை பார்க்கப் புதிதாக எதுவும் இல்லை. ஆனால் 1984இல் எழுதிய ‘பிந்தைய எல்லாம்’ அப்படித் தீரவில்லை. எல்லாவற்றையும் மாற்ற விரும்பியவன், மாற்றியவன், கடைசியில் ‘மூடு’ என்ற போர்த்துகீசியச் சொல்லோடு நிற்கிறான். அந்தச் சொல்லுக்கு ‘மாறுகிறேன்’ என்றும் பொருள், ‘ஊமை’ என்றும் பொருள். ராபெர்டோ ஷ்வார்ஸ் என்ற மார்க்சிய விமர்சகர் இதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார், அகஸ்டோவும் விடாமல் பதில் கொடுத்தார். ஒரு கைப்பிடிச் சொற்களுக்காகப் பத்திரிகைப் பக்கங்களில் இரண்டு பெரிய மனிதர்கள் மோதிக்கொண்டார்கள். அந்தச் சண்டையில் நான் கவிஞர் பக்கம். ஷ்வார்ஸ் பக்கம் நிற்பவர்கள் இந்த அரங்கில் இருந்தால், முதல் கேள்வி உங்களுடையது.