தண்ணீர்மலை ஏறிய அண்ணனும் தம்பியும்

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். இரத்தக் கொதிப்பைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். உப்பைக் குறையுங்கள் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. அதனால் வேறு ஒன்றைச் சொல்கிறேன்: ஒரே நடை எல்லாருக்கும் ஒரே அளவு பிரஷரை இறக்குவதில்லை, அது ஏன் என்று.

ஓர் அண்ணனும் தம்பியும் கிளினிக்குக்கு வந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள். இருவருக்கும் மேல் அளவு 148. தைப்பூசத்துக்கு மட்டும் ஏறும் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு இனி வாரம் நான்கு நாள் ஏறுவது என்று முடிவு செய்திருந்தார்கள். 513 படி. முதல் மாதம் கீழே பூமலையில், அதாவது தாவரவியல் பூங்காவில், நடங்கள், அப்புறம் படியைப் பார்க்கலாம் என்றேன்.

நான்கு மாதம் கழித்து அண்ணனுக்கு 136. தம்பிக்கு 146.

"டாக்டர், நான்தான் முன்னால ஏறுறேன். இவரு பாதியில உட்கார்ந்து மூச்சு வாங்குறவரு!" தம்பிக்குக் கோபம். மெஷினைச் சந்தேகித்து இரண்டு கையிலும் அளந்து பார்த்தேன். மெஷின் சரியாகத்தான் இருந்தது.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். ஆனால் உடன்பிறந்தவர்களுக்குள் மரபணு வேறுபாடுகள் சராசரியாகப் பாதிதான் ஒத்துப்போகும். நடக்கும்போது ரத்தம் வேகமாக ஓடிக் குழாயின் உட்சுவரை உரசுகிறது. சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடுகிறது, குழாய் தளர்கிறது. நடை முடிந்த பிறகும் பலருக்குச் சில மணி நேரம் பிரஷர் இறங்கியே இருப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு பக்கம், ஏ.சி.இ. என்ற நொதி குழாயை இறுக்கும் பொருளை உண்டாக்குகிறது. இதன் மரபணுவில் 287 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. இல்லாதவர்கள் உடம்பில் அந்த நொதி கூடுதலாக இருக்கும். உங்களில் பலர் விழுங்கும் பெரிண்டோபிரில் மாத்திரை அடக்குவது இந்த நொதியைத்தான்.

அதற்காக இந்த ஒரு மரபணுவையே குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். பிரஷரோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். 1990களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹெரிடேஜ் என்ற ஆய்வில், குடும்பம் குடும்பமாக ஆட்களை 20 வாரம் ஒரே மாதிரி சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். உடல் திறன் சிலருக்கு மளமளவென்று கூடியது, சிலருக்கு அசையவே இல்லை. அந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி குடும்பவழி வந்தது. பிரஷர் இறங்கியதிலும் குடும்பச் சாயல் தெரிந்தது, ஆனால் அவ்வளவு அழுத்தமாக இல்லை. மரபணுப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்கலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்கிறேன். அந்தக் காசில் நல்ல பிரஷர் மெஷின் வாங்கலாம். காலையில் தே தாரிக் குடிப்பதற்கு முன், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு அளந்து எழுதி வையுங்கள். படி இறங்கிய கையோடு அளந்தால் எண் ஏறித்தான் இருக்கும், பயந்துவிடாதீர்கள்.

தம்பிக்கு மாத்திரை ஆரம்பித்தேன். 'அப்படியென்றால் நடையை விட்டுவிடலாமா' என்றார். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நடை வேண்டும், விடாதீர்கள் என்றேன். போன மாதம் அவருக்கு 132. அண்ணன் இன்னும் பாதிப் படியில்தான் உட்காருகிறாராம்.