ரூசோ தெரியும், சூ தெரியாது

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணி அண்ணன்மாருக்கும் வணக்கம். பத்து நிமிடம்தான் தந்திருக்கிறீர்கள், வணக்கத்துக்கு இவ்வளவு போதும்.

"மேற்குலக வரலாற்றைத் திருப்பிப் போட்டது கருத்தா, காசா?" என்பது தலைப்பு. நான் காசுக் கட்சி. என் பாட்டுக்கு ஒழுங்காகக் குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஏதென்ஸ் மக்களாட்சி, மக்களாட்சி என்கிறீர்களே, கி.மு. 594-இல் சோலோன் என்ற ஆட்சியாளன் அங்கே பதவிக்கு வந்து கைவைத்த முதல் காரியங்களில் ஒன்று கடன் தள்ளுபடி. கடனுக்காக ஆளையே அடிமையாக எழுதி வைக்கக் கூடாது என்றான். அதற்குக் கிரேக்கத்தில் வைத்த பெயருக்கே 'பாரத்தை உதறுவது' என்று பொருள். முதுகில் இருக்கிற மூட்டை இறங்கினால்தானே வாக்களிக்கக் கை தூக்க முடியும்? இதைச் சொல்லிவிட்டு, அமெரிக்காவில் தேயிலை வரியை எதிர்த்து பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டிய கதையையும் சொல்லிவிட்டு, சமர்த்தாக உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அண்ணன் விடவில்லை. எனக்கு முன்னால் பேசியவர் என்ன சொன்னார்? "பொருளாதார அணிக்காரர்கள் உலகத்தையே அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர்கள். பிரெஞ்சுப் புரட்சியைக் கொடுத்தால்கூட ரொட்டிக்கடைச் சண்டை என்பார்கள்." நீங்களும் கைதட்டினீர்கள். முன்வரிசை அம்மா ஒருவர் தட்டியதை நான் பார்த்தேன். பரவாயில்லை அம்மா, இன்னும் ஐந்து நிமிடத்தில் அந்தக் கையை வாபஸ் வாங்கிக்கொள்வீர்கள்.

அண்ணனே, அது ரொட்டிக்கடைச் சண்டையேதான்!

1788-இல் ஆலங்கட்டி மழை, விளைச்சல் போச்சு. பாரிஸில் நாலு பவுண்டு ரொட்டி சாதாரணமாக எட்டு ஒன்பது சூ விற்கும். சூ என்பது அந்தக் காலத்துச் சில்லறைக் காசு. 1789 பிப்ரவரியில் அதே ரொட்டி பதினாலரை சூ. கூலியாளுக்கு நாள் முழுக்க உழைத்தால் 20, 30 சூ. மீதிக் காசில் வாடகை, விறகு, மெழுகுவர்த்தி எல்லாம் பார்க்க வேண்டும். எதிரணி அரை மணி நேரமாக, புரட்சிக்குக் கருத்து தந்த சிந்தனையாளர் என்று ரூசோ, ரூசோ என்றார்களே, அவர்களுக்கு ரூசோ தெரியும், சூ தெரியாது!

ஆகஸ்ட் 26-ஆம் தேதி தேசிய சபை மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. அருமையான கருத்து, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு ராஜா பதினாறாம் லூயி ஒப்புதல் தந்தாரா? இல்லை. இன்று நாளை என்று இழுத்தார். நம் வீட்டில் கேஸ் அடுப்பை ரிப்பேர் பண்ணச் சொன்னால் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பார்களே, அதே ராகம்.

நாற்பதாம் நாள், அக்டோபர் 5. ராஜா எங்கே? வேட்டைக்குப் போயிருக்கிறார். அன்றைக்கு நாட்குறிப்பில் என்ன எழுதினார் தெரியுமா? 81 உருப்படி சுட்டேன், நிகழ்ச்சிகளால் இடையில் நின்றது என்று எழுதினார். நடுவர் அவர்களே, 81! ஊரே பட்டினி கிடக்கிறது, மனிதர் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். 79 இல்லை, 80 இல்லை, 81.

சரி, அது என்ன 'நிகழ்ச்சி'? அன்று காலை பாரிஸ் சந்தையில் ஒரு பெண் முரசைத் தட்டினாள். மீன் விற்கிறவள், காய் விற்கிறவள், துணி வெளுக்கிறவள் என்று ஆயிரக்கணக்கில் கூடிவிட்டார்கள். நகர மன்றத்துக்குள் புகுந்து ஆயுதங்களை எடுத்தார்கள், பீரங்கியையும் இழுத்துக்கொண்டார்கள். கொட்டுகிற மழையில், சேற்றில், வெர்சாய் அரண்மனைக்கு நடந்தார்கள். கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். அண்ணன் மண்டபத்து மாடிப்படி ஏறி வந்ததற்கே இரண்டு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

அங்கே போய் ஐந்தாறு பெண்கள் ராஜாவைப் பார்க்க உள்ளே போனார்கள். பேச வேண்டியவள் லூயிசோன் ஷாப்ரி, வயது 17. ராஜா முன்னால் நின்றாள். "ரொட்டி" என்றாள். மயங்கி விழுந்துவிட்டாள். அவ்வளவுதான் அவள் பேச்சு! எதிரணியில் ஒருவர் பன்னிரண்டு நிமிடம் பேசியும் யாரும் மயங்கவில்லை. சபையில் இரண்டு பேர் தூங்கினார்கள், அது வேறு.

ராஜா பதறிப்போய் தேற்றினார், தானியம் தருவதாக வாக்குக் கொடுத்தார். அவள் மகிழ்ச்சியாக வெளியே வந்தாள். வெளியே நின்ற பெண்கள் என்ன செய்தார்கள்? மாலை போட்டார்களா? "காசு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாயா" என்று காலுறை கட்டுகிற பட்டையால் கழுத்தை நெரிக்கப் போனார்கள்! "வாய்ச்சொல் இங்கே செல்லாது, போய் எழுத்தில் வாங்கி வா" என்று திருப்பி அனுப்பினார்கள். அவளும் மறுபடி உள்ளே போய் ராஜாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தாள். சந்தையில் நாலு பேரிடம் கடன் கொடுத்துப் பழகியவர்கள், அவர்களுக்குத் தெரியாதா, மேலே இருக்கிறவன் வாக்குக்கு என்ன விலை என்று?

இப்போது கேளுங்கள். நாற்பது நாளாகக் கிடப்பில் கிடந்ததே மனித உரிமைப் பிரகடனம், அதற்கு ராஜா தலையாட்டியது எப்போது? அதே அக்டோபர் 5 இரவு! வாசலில் அந்தப் பெண்கள் நனைந்துகொண்டு நிற்கும்போது! ரூசோவின் கருத்துக்கு மீன்காரி கையெழுத்து வாங்கித் தந்திருக்கிறாள், அண்ணனே.

இன்னொன்று. "ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும் என்றாள் ராணி, அந்தத் திமிர்தான் புரட்சிக்குக் காரணம்" என்றும் அண்ணன் முழங்கினார். அந்த வார்த்தை இருப்பது அவர் தலையில் வைத்துக் கொண்டாடும் ரூசோவின் தன்வரலாற்றில். அதில் ராணி பெயரே கிடையாது, 'ஒரு பெரிய இளவரசி' என்றுதான் இருக்கிறது. ரூசோ அதை எழுதிய காலத்தில் அண்ணன் சொன்ன ராணி மரி அந்துவானெத் ஆஸ்திரியாவில் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி. பிரான்ஸுக்குக் கல்யாணமாகி வந்ததே 1770-இல். அதுவும் கேக் இல்லை, பிரியோஷ், வெண்ணெயும் முட்டையும் போட்ட பன். அடுக்களைப் பக்கம் போயிருந்தால் தெரிந்திருக்கும்!

மறுநாள் ராஜா குடும்பத்தைப் பாரிஸுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கூடவே மாவு வண்டிகள். வழி நெடுகப் பெண்கள் என்ன கத்தினார்கள்? சுதந்திரம் என்றா? "ரொட்டிக்காரனையும், ரொட்டிக்காரியையும், ரொட்டிக்கடைப் பையனையும் கூட்டி வருகிறோம்" என்று கத்தினார்கள். நூறு ஆண்டுக்கு மேல் கடவுளின் பிரதிநிதி குடியிருந்த அரண்மனை. அங்கிருந்து வெளியே வரும்போது அவருக்குக் கிடைத்த பட்டம் ரொட்டிக்காரன்.

மணி அடிக்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம், ஒரே நிமிடம்.

பொருளாதாரத்துக்கு மேற்கே வழங்கும் பெயர் கிரேக்கத்தில் பிறந்தது. 'ஓய்கோஸ்' என்றால் வீடு. 'ஓய்கோனோமியா' என்றால் வீட்டை நடத்துவது. அண்ணன் கேலி செய்த அதே அடுக்களை.

என் அம்மாவுக்குக் கிரேக்கம் தெரியாது. ஆழாக்கு தெரியும். மாத முதலில் அரிசி அளக்கும்போது கோபுரமாகக் குவித்து அளப்பாள். பத்தாம் தேதிக்கு மேல் தலைதட்டி அளப்பாள். இருபதாம் தேதிக்கு மேல் கட்டைவிரல் ஆழாக்குக்குள் போய்விடும். கடைக்காரன் அப்படி அளந்தால் சண்டைக்குப் போகிறவள், தன் வீட்டு அரிசியைத் தானே ஏமாற்றி அளந்தாள். அந்த விரல் யார் தட்டில் குறைந்தது என்று எனக்கு வெகுநாள் தெரியாது. எங்கள் தட்டு ஒருநாளும் குறைந்ததில்லை.

அண்ணன் ஜெயிக்கட்டும், எனக்கு ஒன்றும் இல்லை. மழையில் வெர்சாய்க்கு நடந்தவர்களும் விரலை உள்ளே விட்டு அளந்தவர்கள்தான் நடுவர் அவர்களே. அன்றைக்கு முதல்முறையாக அந்த விரலை வெளியே எடுத்து ராஜாவைப் பார்த்து நீட்டினார்கள்.

நன்றி, வணக்கம்.