பிள்ளைக்கு ஈ.எச்.சி. மதிப்பீடு கேட்பது எப்படி? இங்கிலாந்தில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு

[திரையில்: தலைப்பு]

வணக்கம். பிள்ளை வகுப்பில் பின்தங்கிப் போகிறது என்று உங்களுக்குத் தெரிகிறது. கேட்டால் பள்ளிக்கூடத்தில் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்கிறார்கள். ஒரு தவணை போய், அடுத்த தவணையும் போய்விடுகிறது. அப்படி இருக்கும் பெற்றோருக்கான வீடியோ இது. முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கவுன்சிலிடம் மதிப்பீடு கேட்க நீங்கள் யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

நாங்கள் சொல்லப்போவது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து ஒவ்வொன்றிலும் நடைமுறை வேறு.

கேட்கவேண்டியதன் முழுப்பெயர் ஈ.எச்.சி. (எஜுகேஷன், ஹெல்த் அண்ட் கெயார்) நீட்ஸ் அசெஸ்மெண்ட். பிள்ளையின் கல்வி, சுகாதாரம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மதிப்பீடு. பிறந்ததிலிருந்து 25 வயது வரை கேட்கலாம். 16 வயது தாண்டியவர் தானே கேட்கலாம். பள்ளிக்கூடமும் கேட்கலாம், ஆனால் பெற்றோர் கேட்டாலும் அதே மதிப்புத்தான்.

[திரையில்: சில்ட்ரன் அண்ட் ஃபாமிலிஸ் ஆக்ட் 2014, பிரிவு 36]

சட்டம் பார்ப்பது இரண்டே விடயங்களை. பிள்ளைக்கு விசேட கல்வித் தேவை இருக்கிறதா, அல்லது இருக்க இடமுண்டா? அதற்கான உதவியை ஈ.எச்.சி. திட்டம் ஒன்றின் மூலம், அதாவது பிள்ளைக்கு என்னென்ன உதவி என்று கவுன்சில் எழுதிக்கொடுக்கும் சட்டபூர்வ ஆவணத்தின் மூலம், கொடுக்க வேண்டிவருமா, அப்படி வர இடமுண்டா? இரண்டுக்கும் இடமுண்டு என்றால் கவுன்சில் மதிப்பிட்டே ஆகவேண்டும். நீங்கள் எதையும் முடிவாக நிரூபிக்க வேண்டியதில்லை. நிரூபிக்கிற வேலைக்குத்தானே மதிப்பீடே இருக்கிறது.

இது தெரியாததால்தான் பல குடும்பங்கள் வருடக்கணக்கில் நின்றுவிடுகின்றன. "ஓட்டிசம் என்று டொக்டர் உறுதிசெய்த பிறகு வாருங்கள்" என்பார்கள். நோயறிதல் அவசியம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. "பள்ளிக்கூடம் முதலில் 6,000 பவுண்ட் செலவழித்திருக்க வேண்டும்" என்பார்கள். அது பள்ளிக்கூடத்துக்கும் கவுன்சிலுக்கும் இடையிலான பணக்கணக்கு. உங்கள் கோரிக்கைக்கு நிபந்தனை அல்ல. "எங்கள் படிவத்தை நிரப்பினால்தான் எடுப்போம்" என்று கவுன்சிலே சொல்வதும் உண்டு. படிவம் உங்களுக்கு வசதியாக இருந்தால் நிரப்புங்கள். சாதாரணக் கடிதமோ மின்னஞ்சலோ போதும்.

தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் இன்னொரு காரணம்: "வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள், அதனால் ஆங்கிலம் தாமதமாகிறது." வீட்டு மொழி வேறு என்ற ஒரே காரணத்தால் ஒரு பிள்ளைக்குக் கற்றல் சிரமம் இருப்பதாகக் கொள்ளக்கூடாது என்பது சட்டம். அது சரியான ஏற்பாடுதான். ஆனால் அதையே சொல்லி உண்மையான சிரமத்தைத் தள்ளிப்போட முடியாது. ஆகவே பிள்ளை தமிழில் எப்படிப் பேசுகிறது, தமிழில் சொன்னால் எவ்வளவு விளங்கிக்கொள்கிறது என்பதைக் கடிதத்தில் தவறாமல் எழுதுங்கள். இரண்டு மொழியிலும் ஒரே சிரமம் தெரிந்தால், காரணம் ஆங்கிலம் இல்லை என்று அதுவே காட்டிவிடும். வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டும் பார்க்கும் ஆசிரியருக்கு இது தெரிய வழியே இல்லை. உங்களால் மட்டுமே தரக்கூடிய சான்று இது.

[திரையில்: கடிதம்]

இனிக் கடிதம். யாருக்கு அனுப்புவது? நீங்கள் வசிக்கும் இடத்துக் கவுன்சிலின் செண்ட் பிரிவுக்கு, அதாவது விசேட கல்வித் தேவைகளைக் கவனிக்கும் பிரிவுக்கு. ஹரோவில் வீடு, பிரெண்டில் பள்ளிக்கூடம் என்றால் ஹரோ கவுன்சிலுக்குத்தான் எழுதவேண்டும். இடம் மாறி அனுப்பிச் சில வாரங்களை இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

முதல் வரியிலேயே, "2014 சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி என் பிள்ளைக்கு ஈ.எச்.சி. மதிப்பீடு கேட்கிறேன்" என்று எழுதிவிடுங்கள். "பிள்ளையைப் பற்றிக் கவலையாக இருக்கிறது, உதவி வேண்டும்" என்று மட்டும் எழுதினால், அதைச் சாதாரண விசாரிப்பாக எடுத்துப் பதில் அனுப்பிவிடுவார்கள். கவுன்சில் முடிவு சொல்லவேண்டிய கெடு ஓடத் தொடங்காது. பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி, பள்ளிக்கூடத்தின் பெயர், எந்த வகுப்பு என்பவையும் வேண்டும்.

அடுத்து, சிரமங்கள். இங்கேதான் நேரம் எடுத்து எழுதவேண்டும். "சொன்னதைக் கேட்பதில்லை" என்று எழுதினால் குழப்படிக்காரப் பிள்ளை என்று படிப்பவர் நினைக்கலாம். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "வயது ஏழு, இயர் 2. 'பல் தீட்டி, சட்டை மாற்றி, பையை எடுத்துக்கொண்டு வா' என்று தமிழில் சொன்னால், பல் தீட்டியதோடு நின்றுவிடுவாள். மூன்றையும் தனித்தனியாக, பக்கத்தில் நின்று சொன்னால்தான் முடியும். ஒவ்வொரு காலையும் இப்படித்தான்." என்ன நடக்கிறது, எத்தனை தடவை, என்ன உதவி கொடுத்தால் முடிகிறது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. வாசிப்பு, எழுத்து, பேச்சு, நண்பர்கள், சத்தம் தாங்குவது, தூக்கம், பள்ளிக்கூடம் போக மறுப்பது என்று உங்கள் பிள்ளைக்குப் பொருந்துவதை மட்டும் இதே முறையில் எழுதுங்கள்.

இவ்வளவு நாளும் பள்ளிக்கூடம் கொடுத்த உதவியையும், அதன் பிறகும் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதையும் சேர்க்கவேண்டும். சென்கோவிடம், அதாவது பள்ளிக்கூடத்தில் விசேட கல்வித் தேவைகளுக்குப் பொறுப்பான ஆசிரியரிடம், "சென் சப்போர்ட்" (பள்ளிக்கூடம் தானே கொடுக்கும் விசேட உதவி) பதிவுகளின் பிரதியைக் கேளுங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட், ஜி.பி. கொடுத்த கடிதங்கள் இருந்தால் இணையுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இருந்தால், எந்தத் திகதியில் பரிந்துரைத்தார்கள் என்று குறிப்பிட்டாலே போதும். அறிக்கை வரட்டும் என்று கடிதத்தை நிறுத்திவைக்காதீர்கள்; பிறகும் அனுப்பலாம்.

மின்னஞ்சலில் அனுப்பி, கிடைத்ததற்குப் பதில் கேட்டு வாங்கிவையுங்கள். அந்தத் திகதியை நாட்காட்டியில் குறியுங்கள்.

[திரையில்: 6 வாரம் – 20 வாரம்]

கோரிக்கை கிடைத்து 6 வாரத்துக்குள் மதிப்பிடுகிறோமா இல்லையா என்று கவுன்சில் எழுத்தில் சொல்லவேண்டும். ஜனவரி 12ஆம் திகதி கிடைத்தால் பெப்ரவரி 23 கடைசி நாள். திட்டம் கொடுப்பதானால், 20 வாரத்துக்குள் இறுதித் திட்டம் கையில் இருக்கவேண்டும். கோடை விடுமுறையை ஒட்டி அனுப்பினால், பள்ளிக்கூடம் மூடியிருப்பதைக் காரணம் காட்டி இந்தக் கெடு நீளலாம். முடிந்தால் ஜூன் மாதத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். 6 வாரம் கடந்தும் பதில் இல்லையென்றால் கவுன்சிலுக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள்.

மதிப்பிடக் கவுன்சில் சம்மதித்தால், பள்ளிக்கூடம், கல்வி உளவியலாளர், மருத்துவத்துறை, சமூகப் பராமரிப்பு, நீங்கள் எல்லோரிடமிருந்தும் அறிக்கை கேட்பார்கள். ஒக்குபேஷனல் தெரபிஸ்ட் போன்ற வேறு ஒருவரின் அறிக்கை நியாயமாகத் தேவையென்றால் இப்போதே கேட்டுவிடுங்கள். அறிக்கையில் இல்லாத உதவியைத் திட்டத்தில் எழுதவைப்பது மிகக் கடினம். வரைவுத் திட்டத்தில் "தேவைப்படும்போது பேச்சுப் பயிற்சி" என்று வந்தால், வாரம் எத்தனை தடவை, எத்தனை நிமிடம், யார் கொடுப்பது என்று கேட்டு எழுதுங்கள். வரைவுத் திட்டத்துக்குக் கருத்துச் சொல்ல உங்களுக்குக் குறைந்தது 15 நாள் உண்டு.

கூட்டங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்; தம்பி தங்கையைப் பற்றிய அத்தனை கவலையையும் அந்தப் பிள்ளை தன் வாயால் சொல்லவேண்டி வரும்.

கவுன்சில் மதிப்பிட மறுத்தால்? அதோடு முடிந்துவிடாது. மறுப்புக் கடிதத்தில் மத்தியஸ்த ஆலோசகரின் தொடர்பு இருக்கும். அழைத்து, மத்தியஸ்தம் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லலாம். வேண்டாம் என்றால் 3 வேலைநாளில் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து செண்ட் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். மறுப்புக் கடிதத்தின் திகதியிலிருந்து 2 மாதம், அல்லது சான்றிதழ் திகதியிலிருந்து 1 மாதம், எது பிந்தியதோ அதுவரை அவகாசம். மதிப்பிட மறுத்ததற்கு எதிரான படிவம் "செண்ட் 35ஏ". கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. தீர்ப்பாயம் முடிவு சொல்லும் வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை பெற்றோர் பக்கமே முடிகின்றன. முதல் மறுப்போடு மனம் விட்டுவிடாதீர்கள்.

கடிதம் எழுதவோ படிவம் நிரப்பவோ துணை வேண்டுமென்றால், விசேட கல்வித் தேவை பற்றிப் பெற்றோருக்கு ஆலோசனை தரும் உங்கள் பகுதியின் செண்டியாஸ் சேவையை அழையுங்கள், இலவசம். ஐ.பி.எஸ்.ஈ.ஏ. என்ற தொண்டு நிறுவனத்தின் இணையதளத்தில் மாதிரிக் கடிதங்கள் உண்டு.

இத்தனை வாரமும் பள்ளிக்கூடத்தின் பொறுப்பு நின்றுவிடுவதில்லை. "கவுன்சில் முடிவு வரட்டும்" என்று இருக்கிற உதவியைக் குறைத்தால், அன்றே சென்கோவுக்கு மின்னஞ்சல் எழுதி, அதன் பிரதியைக் கவுன்சிலுக்கும் அனுப்புங்கள்.